வீட்டில் புதுப்பிக்கும் பழைய பிக்கப்பில் இன்ஜின் ஒழுகல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கங்களில் பழைய ஜீப்பையும் பிக்கப்பையும் வீட்டு வாசலில் நிறுத்திப் புதுப்பிக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், என் சொந்த வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் கீழே எழுதியுள்ளேன்.

எந்த வண்டியை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன?

காட்பாடியில் என் வீட்டு போர்டிகோவில் நிற்பது மகிந்திரா எஃப்.சி.150 பிக்கப். மூக்கில்லாமல் முகம் தட்டையாக இருக்கும் வண்டி அது. ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டிக்குள் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். அதனால் ஒழுகும் ஆயில் சைலன்சர் குழாயில் பட்டுக் கருகினால் அந்தப் புகை நேராக நம் மூக்குக்கே வரும். இன்ஜின், வில்லிஸ் வடிவமைப்பில் வந்த ஹரிக்கேன் எஃப்-134 என்னும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஏறக்குறைய 2,200 சி.சி. இதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகள் மேலே ஹெட்டிலும் (இன்ஜினின் மேல்பகுதி), புகை வெளியேறும் வால்வுகள் கீழே பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்பகுதி) பக்கவாட்டிலும் இருக்கின்றன. ஆகவே மூடிகளும் இரண்டு, மூடிகளின் இடுக்கை அடைக்கும் பேக்கிங்குகளும் இரண்டு, ஒழுகும் வழிகளும் இரண்டு மடங்கு. டீசல் இன்ஜினுக்கு மாற்றப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும். போல்ட்டு இறுக்கும் அளவுகளும், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் போன்ற இந்த இன்ஜினுக்கே உரியவையும் பொருந்தா.

தரையில் சொட்டுவது இன்ஜின் ஆயில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

வண்டியை நிறுத்தியதும் அடியில் ஓர் அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்து, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் எந்தப் பாகத்துக்கு நேர் கீழே கறை விழுந்திருக்கிறது என்பது தெரியும். கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து விரலில் மெலிதாகப் பரவினால் இன்ஜின் ஆயில். பிசுபிசுப்பாகவும் கந்தக வாடையோடும் இருந்தால் கியர் ஆயில். தேன் நிறத்தில் தண்ணீர் போல ஓடி, கீழே இருக்கும் பெயின்ட்டையும் தின்றிருந்தால் பிரேக் ஆயில். அப்படியானால் இன்ஜின் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

ஒழுகல் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இன்ஜின் முழுவதும் ஆயிலாக இருக்கிறது.

சொட்டு விழும் இடம் வேறு, ஊற்று இருக்கும் இடம் வேறு. ஆயில் எப்போதும் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் பின்மூலையில் தொங்கும் சொட்டு, உச்சியில் உள்ள மூடியான ராக்கர் கவரின் முன்மூலையில் பிறந்ததாகக்கூட இருக்கலாம். நனைந்திருக்கும் இடங்களில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதுமான இடத்தைத் தேடுங்கள்.

அதற்கு முதல் வேலை, கழுவுவது. பல ஆண்டு அழுக்கும் ஆயிலும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருப்பதை முதலில் தகட்டால் சுரண்டி, மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். பெட்ரோலால் கழுவாதீர்கள், மூடிய போர்டிகோவில் அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும். காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிய துணியில் கட்டித் தட்டுங்கள். இன்ஜினை ஓட்டிச் சூடாக்கிப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஊறிய கறுப்புக் கோடு ஊற்றுவாயைக் காட்டிக் கொடுக்கும். வீட்டில் இருக்கிறதே என்று கோலமாவை எடுத்துவிடாதீர்கள். அது கல்பொடி, சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் சீலுக்குள் புகுந்தால் உப்புத்தாள் வேலை செய்யும்.

எல்லாப் பேக்கிங்கையும் மாற்றிவிட்டேன். ஆனாலும் ஒழுகுகிறது. ஏன்?

இந்த ஒரு கேள்விக்கான பதிலை எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு செட் பேக்கிங் மிச்சமாகியிருக்கும்.

இன்ஜின் ஓடும்போது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே சம்ப் பக்கம் இறங்கும். புது இன்ஜினிலும் இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். எஃப்-134 இன்ஜினில் ஏர் கிளீனரிலிருந்து ஆயில் ஊற்றும் குழாய்க்கு ஒரு ஹோஸ் வருகிறது. அதன் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே போகிறது. பக்கவாட்டு வால்வு மூடியிலிருந்து புறப்படும் இன்னொரு குழாய், ஒரு சிறு வால்வின் வழியாக உள்ளிருக்கும் வாயுவை இன்டேக் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இந்தச் சுவாசம் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்தச் சீல் இளைத்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்தச் சீலை மாற்றினால் அடுத்து இளைத்ததன் வழியாக வரும்.

என் வண்டி பல ஆண்டுகள் ஒரு கொட்டகையில் அசையாமல் நின்றது. சம்ப் பேக்கிங், டைமிங் கவர் பேக்கிங், ராக்கர் கவர் பேக்கிங் எல்லாவற்றையும் மாற்றி, மறுபடியும் ஒழுகி, மறுபடியும் மாற்றி அலுத்துப்போன பிறகு, தற்செயலாக அந்த ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றித் தரையில் தட்டினேன். உள்ளிருந்து குளவி கட்டிய மண்கூடு, சுண்டுவிரல் நீளத்துக்கு, முழுதாக வந்து விழுந்தது. அதன் பிறகு மேல்பாதி ஒழுகல் எந்தப் பேக்கிங்கையும் தொடாமலே நின்றுவிட்டது.

வீட்டிலேயே சோதிக்கும் வழி எளிது. இன்ஜின் சூடாகி மெதுவாக ஓடும்போது அந்த ஹோஸைக் கழற்றிவிட்டு, ஆயில் குழாயின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைப் பிடியுங்கள். பை சற்றே உள்ளே இழுக்கப்பட்டால் சுவாசம் சரி. பலூன் போல உப்பினால், ஒன்று குழாயோ வால்வோ அடைத்திருக்கிறது, அல்லது ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. வால்வைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்த பிறகும் பை உப்பினால் கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேஜால் பார்ப்பது) செய்யுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கின்றனவா என்பதே முக்கியம். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது எண் ஏறினால் தேய்ந்தவை ரிங்குகள். அப்போது வெறும் சீல் மாற்றுவதில் பயனில்லை.

சம்ப் போல்ட்டுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிற்காதா?

நிற்காது, பெரும்பாலும் கூடும். சம்ப் வெறும் தகரம். முன்பிருந்தவர்கள் ஒவ்வொருவரும் "இன்னும் கொஞ்சம்" இறுக்கியதில் ஒவ்வொரு போல்ட்டுத் துளையும் மேல்நோக்கிக் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். இரண்டு துளைகளுக்கு நடுவே இருக்கும் பகுதி பிளாக்கைத் தொடாமல் நிற்கும். சம்ப்பை இறக்கி, அதன் விளிம்பில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். விளிம்பை ஒரு தட்டையான இரும்புக் கட்டையின் மேல் வைத்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் ஒவ்வொரு துளையையும் மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து இருபுறமும் ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகக் கைக்கு அடக்கமான இறுக்கத்தோடு முடியுங்கள். கார்க் பிதுங்கி வெளியே வந்தால் அது அதிகம். ஒரு முறை இன்ஜினைச் சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தால் போதும்.

வாங்கி வைத்த கார்க் பேக்கிங் துளைகளுக்குப் பொருந்தாமல் சுருங்கிவிட்டது. தூக்கிப்போட வேண்டுமா?

வேண்டாம். கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் காயும் ஊரில் பரணில் கிடந்த கார்க் சுருங்காமல் என்ன செய்யும்? வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்துப் பொருத்திப் பாருங்கள். பழைய அளவுக்கு வந்துவிடும். மடித்தால் ஒடியும் அளவுக்கு முற்றியிருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் சிலர், கைக்கெட்டும் தோல் துண்டில் பேக்கிங் வெட்டிப் போடலாமா என்று கேட்பதுண்டு. ரப்பர் வருவதற்கு முன் சீல்கள் தோலில்தான் செய்யப்பட்டன என்பது உண்மை. ஆனால் இன்ஜின் சூட்டில் தோல் காய்ந்து விறைத்துவிடும். தோலை செருப்புக்கு விட்டுவிட்டு, பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டுங்கள்.

சிலிகான் பேஸ்ட்டை எவ்வளவு போடலாம்?

நீங்கள் நினைப்பதில் கால் பங்கு. தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்பது போல, பளபளப்பு தெரிந்தால் போதும். மிகுதியாகப் போட்ட பேஸ்ட் வெளியே பிதுங்குவதை நாம் பார்க்கிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, காய்ந்து, துண்டாகி விழுந்து, சம்ப்பில் மிதக்கும் ஆயில் பம்ப் வலையை அடைப்பதைப் பார்ப்பதில்லை. ஒழுகலை நிறுத்தப் போய் பேரிங்கைப் பட்டினி போட்டதாக ஆகிவிடும். கார்க் பேக்கிங்குக்குப் பெரும்பாலும் பேஸ்ட்டே வேண்டாம். மூலைகளிலும், டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் இடங்களிலும் ஒரு பொட்டு வைத்தால் போதும்.

பின்பக்கக் கிராங்க் சீலை மாற்ற இன்ஜினை இறக்க வேண்டுமா?

பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்கின் பின்முனையில் உள்ள சீல் இது; இந்த இன்ஜினில் இறக்காமலே முடியும். ஆனால் அதற்கு முன், ஒழுகுவது அந்தச் சீல்தானா என்று பாருங்கள். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் தெரிந்தாலே பின் சீல் என்று பட்டறைகளில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதே பெல் ஹவுசிங்குக்குள் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் பின்முனையை அடைத்திருக்கும் தகட்டு மூடி ஒன்று இருக்கிறது. அது துருப்பிடித்தாலும் அங்கேதான் ஒழுகும். கியர்பாக்ஸின் முன் பேரிங் வழியாகக் கசியும் கியர் ஆயிலும் அங்கேதான் வந்து சேரும்; அதை வாடையே காட்டிக் கொடுத்துவிடும். ராக்கர் கவரின் பின்புறமிருந்து பிளாக்கின் முதுகில் வழியும் ஆயிலையும் மறந்துவிடாதீர்கள்.

சீல்தான் என்று உறுதியான பிறகு வண்டியைத் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல்லின் மேல் நிறுத்தாதீர்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஆயிலை வடித்துச் சம்ப்பை இறக்கினால் மூன்று மெயின் பேரிங் மூடிகள் தெரியும். கடைசி மூடியைக் கழற்றினால் சீலின் கீழ்ப்பாதி கையோடு வரும். மேல்பாதி பிளாக்கிலேயே இருக்கும். மற்ற இரு மூடிகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தினால் கிராங்க் ஒரு நூலளவு இறங்கிக்கொடுக்கும். பிறகு மெல்லிய பித்தளைக் கம்பியால் சீலின் ஒரு முனையைத் தட்டினால் மறுமுனை எட்டிப்பார்க்கும். குறட்டால் பிடித்துச் சுற்றி இழுத்துவிடலாம். இரும்புக் கம்பி வேண்டாம். கிராங்க்கில் விழும் ஒரு கீறல், புதுச் சீலையும் முதல் நாளே கெடுக்கும். உள்ளே இருப்பது கருகிய கயிறாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; ஆயிலில் நனைந்தபடியே எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள், காய்ந்ததைச் சுரண்டித் தூசு கிளப்பாதீர்கள்.

புதுச் சீலின் உதடு இன்ஜினின் உட்பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் ஆயிலும், இரு பாதிகள் சேரும் முனைகளில் ஒரு பொட்டு பேஸ்ட்டும் வையுங்கள். பலரும் தவறவிடுவது அடுத்தது: கடைசி மூடியின் இருபுறமும் பிளாக்குக்கும் மூடிக்கும் நடுவே உள்ள துளைகளில் விரல் போன்ற இரண்டு ரப்பர் துண்டுகள் செருகப்பட வேண்டும். அவை கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள். சம்ப்பை மாட்டும்போது அது அந்த ரப்பரை அழுத்தி உள்ளே பிதுக்கி இடைவெளியை அடைப்பதற்காகவே அந்த நீளம்.

கிளட்ச்சை மிதிக்கும்போது முன்பக்கக் கிராங்க் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், சீல் மாற்றுவதற்கு முன் பேரிங்கைக் கவனிக்க வேண்டும்.

பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் ஒரு கம்பி ஆடிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு துளையை அடைத்துவிடலாமா?

கூடாது. அது ஆடுவதற்காகவே இருப்பது. அழுக்கு சேர்ந்து துளை அடையாமல் காக்கிறது. துளையை அடைத்தால் ஆயில் தரையில் விழாது, கிளட்ச் தட்டில் விழும்.

முன் சீலைப் புதிதாகப் போட்ட மறுவாரமே ஒழுகுகிறது. சீல் போலியா?

இருக்கலாம், ஆனால் முதலில் புல்லியின் கழுத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். பழைய சீல் பல்லாண்டு உரசிய இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகம் அதில் சிக்கினால் எந்தச் சீலும் நிற்காது. லேத் பட்டறையில் கொடுத்து, கழுத்தைக் கொஞ்சம் கடைந்து, மேலே ஒரு மெல்லிய வளையத்தை இறுக்கி ஏற்றி, பழைய அளவுக்கே பளபளப்பாக முடித்துத் தரச் சொல்லுங்கள். சீலின் உள்விட்டத்தை வாய்மொழியாகச் சொல்லாமல் சீலையே கையில் கொண்டுபோங்கள். பள்ளம் ஆழமில்லை என்றால், சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, உதடு புது இடத்தில் படும்படி செய்தாலே போதும்.

ஹெட்டின் ஓரத்தில் ஈரம் கோடாகத் தெரிகிறது. ஹெட் பேக்கிங் போய்விட்டதா?

உடனே அப்படி முடிவு செய்யாதீர்கள். ஹெட் போல்ட்டுகளின் இறுக்கத்தை அளவு காட்டும் டார்க் ரிஞ்ச்சால் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு 60 முதல் 70 அடி-பவுண்டு. எண்ணும்போது ஒரு போல்ட்டு குறையும். அது கார்புரேட்டருக்கு அடியில், காற்று போகும் வழிக்குள் ஒளிந்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றினால்தான் தெரியும். முதல் முறை ஹெட்டை மாட்டியபோது நான் அதைக் கையால் முடுக்கிவிட்டு, "அப்புறம் இறுக்கலாம்" என்று விட்டு, மேலே கார்புரேட்டரையும் ஏற்றிவிட்டேன். இரண்டு வாரம் ராக்கர் கவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஹெட்டைத் தூக்க முயலும்போதும் இதே போல்ட்டுதான் வில்லன். அதை மறந்து ஹெட்டை நெம்பி உடைத்தால் மாற்று ஹெட் தேடி அலைய வேண்டியிருக்கும்.

தண்ணீர் ஒழுகலும் இருக்கிறது. எங்கே பார்ப்பது?

தண்ணீர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது. பிளாக்கின் பக்கங்களில் உள்ள வட்டத் தகட்டு மூடிகளில் துருக்கறை இறங்கியிருந்தால் அவற்றை மாற்றுங்கள்; ஒன்று போனால் மற்றவையும் போகும் வயதுதான். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் வீட்டுக் குழாயையே அடைக்கிறது.

சமதரையில் ஒழுகுவதில்லை. ஏலகிரி ஏறினால் மட்டும் ஒழுகுகிறது. ஏன்?

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் வண்டியின் மூக்கை மேலே தூக்கியே வைத்திருக்கின்றன. சம்ப்பில் உள்ள ஆயில் பின்னால் திரண்டு பின் சீலை மூழ்கடிக்கிறது. போதாததற்குக் குறைந்த கியரில் இன்ஜின் திணறும்போது ரிங்குகளைத் தாண்டும் வாயுவும் கூடுகிறது. ஆயில் அளவு கம்பியில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். இறங்கும்போது புகை நீலமாக வந்தால் அது ஒழுகல் அல்ல. வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடின் தேய்மானம்.

ஒழுகியும் ஆயில் அளவு குறையவில்லை, கூடுகிறது. இது எப்படி?

வண்டியை எடுக்காதீர்கள். அளவுக் கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், இன்ஜின் பக்கவாட்டில் உள்ள பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்குகிறது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காக்காது. எந்தச் சீலிலும் சுலபமாகக் கசியும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. 2023 முதல் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக வந்துவிட்டது; பழைய ரப்பர் டயாஃப்ரமும் ஹோஸும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரம் போட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே இன்ஜினை ஓட்டுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கலந்திருப்பது தண்ணீர்.

ஒழுகலை நிறுத்தும் என்று கடையில் விற்கும் திரவத்தை ஊற்றலாமா?

ரப்பர் சீல் விறைத்திருந்தால் அது ரப்பரை இளக்கிச் சற்று உப்பவைக்கும்; சில மாதம் தாங்கும். கார்க்குக்கும் கயிற்றுக்கும் குளவிக்கூட்டுக்கும் அது ஒன்றும் செய்யாது.

எவ்வளவு ஒழுகலைப் பொறுத்துக்கொள்ளலாம்?

இரவு முழுவதும் நின்றால் அட்டையில் இரண்டு மூன்று சொட்டு என்பதை இந்த வயது இன்ஜினில் நான் ஒழுகலாகவே கணக்கிடுவதில்லை. சைலன்சர் குழாயிலோ கிளட்ச்சிலோ பிரேக்கிலோ படும் ஆயில் ஒரு சொட்டானாலும் கூடாது.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

நம் பக்கம் அதை வேலிக்காலுக்கும் மாட்டுக்கொட்டகைக் கட்டைக்கும் கரையான் வராமல் இருக்கப் பூசுவது வழக்கம். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றுவதும் வழக்கம். இரண்டும் வேண்டாம். தோல் கழிவால் பாலாற்றுக்கு நேர்ந்த கேடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996ஆம் ஆண்டு தீர்ப்பு வந்த வரலாறு உள்ள மாவட்டம் இது. பயன்படுத்திய ஆயில் சட்டப்படியே அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து, தண்ணீரோ பிரேக் ஆயிலோ கலக்காமல் வைத்திருந்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரருக்கு ஆயில் கொடுக்கும் பெரிய சர்வீஸ் நிலையம் எதிலாவது ஒப்படையுங்கள். நான் ஐந்து லிட்டர் கேன் நிறைந்ததும் கொண்டுபோகிறேன். ஃபில்டரோடு ஆயில் மாற்றினால் இந்த இன்ஜினில் ஏறக்குறைய ஒரு கேன் ஆகிறது.